காசிமேடு ஐஸ் கம்பெனிக்கு சென்சார் வைக்கலாமா? உங்கள் தொழிலில் என்ன அனுபவம்?

ஐஸ்கம்பெனி மருமகன் · ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் மாமனார் காசிமேட்டில் சிறிய ஐஸ் கம்பெனி ஒன்றை நடத்துகிறார். பழைய அம்மோனியா கம்ப்ரஸர் இரண்டு, உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்று, அதில் இறங்கி ஏறும் ஐஸ் கேன்கள், அவ்வளவுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் இயந்திரங்களைப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைக்கும். மற்ற நாள்களில் இரவும் பகலும் ஓட்டம்தான்.

போன வாரம் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். பன்னிரண்டு சென்சார் பொருத்தலாம், எல்லாத் தகவலும் கைப்பேசிக்கு வரும், விலை ஒன்றே முக்கால் லட்சம், ஆண்டுச் சந்தா தனி என்றார். மாமனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கம்ப்ரஸர் சத்தம் கொஞ்சம் மாறினால் நான் தூக்கத்திலேயே எழுந்துவிடுவேன். உங்கள் பெட்டி எழுந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டார். வீடு கம்பெனிக்கு மேலேயே இருக்கிறது. அவர் சொல்வதும் பொய்யில்லை. முப்பது ஆண்டுகளாக அப்படித்தான் எழுந்திருக்கிறார்.

ஆனால் அவருக்கு இப்போது 71 வயது. வலது காது சரியாகக் கேட்பதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர.

வடசென்னையில் எத்தனையோ தொழில்களில் சாதனங்களை இணையத்தோடு இணைக்கும் இந்த ஐ.ஓ.டி. வந்துவிட்டது என்கிறார்கள். நிஜமாகவே பயன்படுகிறதா? விற்பவர் சொல்வது வேண்டாம். பொருத்தி, பாடுபட்டவர்கள் சொல்லுங்கள்.

மணலி மீட்டர் · ஞாயிறு, இரவு 11.15

தம்பி, மணலியில் கருவிப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விலையைப் பிறகு பேசலாம். முதலில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். சென்சார் காட்டும் எண் உண்மையா என்று யார் சரிபார்ப்பார்கள்? இரவு மூன்று மணிக்கு அது கத்தினால் யார் எழுந்து ஓடுவார்கள்? இந்த இரண்டுக்கும் ஆள் பெயர் சொல்ல முடியவில்லை என்றால் ஒன்றே முக்கால் லட்சத்தை வங்கியில் போட்டுவிடுங்கள்.

கைப்பேசியில் வரைபடம் பார்ப்பதைத்தான் இப்போது புதுமை என்கிறார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பல பத்தாண்டுகளாக இருப்பதுதான் இது. அழுத்தம், வெப்பம், மட்டம் எல்லாம் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாகக் கட்டுப்பாட்டு அறைக்கு வரும். ஏன் பூஜ்யத்தில் தொடங்காமல் 4-இல் தொடங்குகிறது என்று புதிதாக வரும் பயிற்சியாளர்களை நான் கேட்பேன். பாதிப் பேர் விழிப்பார்கள். தொட்டி காலியாக இருந்தால் 4 வரும். கம்பி அறுந்துபோனால் 0 வரும். "ஒன்றுமில்லை" என்று சொல்வதும், சொல்லவே முடியாமல் போவதும் ஒன்றல்ல என்பதைக் கம்பியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களிடம் வந்தவரிடம் இதைக் கேளுங்கள்: சென்சார் செத்துப்போனால் உங்கள் செயலி என்ன காட்டும்? கடைசியாக வந்த எண்ணையே பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருக்கும் என்றால் அந்தப் பெட்டி உங்களுக்கு எமன்.

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம். இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு என்ற இடத்தில் எண்ணெய்க் கிடங்கு. 2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. குழாய் வழியாகப் பெட்ரோல் ஒரு தொட்டிக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்று மணி வாக்கில் மட்டம் காட்டும் கருவி சிக்கிக்கொண்டது. திரையில் கோடு நேராகப் போகிறது. பெட்ரோல் ஏறிக்கொண்டே இருக்கிறது. இப்படி நடந்தால் தடுப்பதற்கென்றே மேலே தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. அதைச் சோதிக்க ஒரு நெம்புகோல் இருக்கும். சோதித்த பிறகு அது சரியான நிலையில் நிற்பதற்கு ஒரு பூட்டுப் போட வேண்டும். அந்தப் பூட்டு போடப்படவில்லை, அதனால் சுவிட்சும் வேலை செய்யவில்லை. தொட்டி வழிந்து, ஆவி மேகமாகப் பரவி, ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு வெடித்தது. ஞாயிறு அதிகாலை என்பதால் உயிர்ப்பலி இல்லை, நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குக் காயம். கோடிக்கணக்கில் கருவி வைத்திருந்த இடம், ஒரு பூட்டில் போனது. தண்டையார்பேட்டைப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூட்டுதான் நினைவுக்கு வரும்.

ஐஸ் கம்பெனிக்கு என்று இரண்டு குறிப்புகள். அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்தால் செம்பையும் பித்தளையையும் தின்றுவிடும். சென்சார் முனையில் பித்தளை இருந்தால் திருப்பி அனுப்புங்கள், எஃகு மட்டுமே. அடுத்தது, அம்மோனியா காற்றைவிட லேசானது. கசிவு சென்சாரைக் கம்ப்ரஸர் அறையில் கூரைக்கு அருகில் வையுங்கள். வீட்டுச் சமையல் எரிவாயு போலத் தரையோரம் வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் திரவமாகப் பெரிய அளவில் பீறிட்டால் குளிர்ந்த மூட்டமாகத் தரையோடும் படரும். அதற்கு சென்சார் வேண்டாம், கால் வேண்டும்.

சீர்குளிர் · திங்கள், காலை 7.05

நான் தடுப்பூசிக் கிடங்கில் வேலை செய்கிறேன். மணலி மீட்டர் ஐயா சொன்ன "யார் ஓடுவார்கள்" என்ற கேள்வி எங்கள் துறையில் ஓரளவு தீர்ந்திருக்கிறது. 2015-இல் தொடங்கிய இவின் என்ற மின்னணுத் தடுப்பூசித் தகவல் திட்டத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளுக்கு சிம் கார்டு உள்ள வெப்பமானிகள் வந்தன. 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் வெளியே போனால் பொறுப்பாளரின் கைப்பேசிக்குத் தகவல் வரும். இந்தப் பெட்டிக்கு இந்த ஆள் என்று பெயர் எழுதப்பட்டிருக்கும், அதுதான் முக்கியம்.

சூடானால் கெட்டுவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உறைந்தாலும் கெடும். மஞ்சள் காமாலை பி, ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலண்ட் போன்றவை உறைந்து உருகினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே சக்தி போயிருக்கும். முன்பு சந்தேகம் வந்தால் புட்டியைக் குலுக்கி, படிவு எவ்வளவு வேகமாக அடியில் தங்குகிறது என்று பார்ப்போம். இப்போது இரவில் எத்தனை மணிக்கு எத்தனை டிகிரிக்கு இறங்கியது என்று பதிவே இருக்கிறது.

அண்ணா, உங்களுக்கு ஒரு யோசனை. கதவைத் திறந்தவுடன் காற்று சூடாகும், அலாரம் அடிக்கும், ஆனால் மருந்து சூடாகியிருக்காது. அதனால் சில இடங்களில் வெப்ப முனையை கிளைக்கால் என்ற திரவம் நிரப்பிய சிறு புட்டிக்குள் வைப்போம். அப்போது அது காற்றை அல்ல, மருந்தின் சூட்டைச் சொல்லும். நீங்களும் முனையைத் தொட்டிக்கு மேலே தொங்கவிடாமல் உப்புத்தண்ணீருக்குள், கேன்களுக்கு நடுவே இறக்குங்கள். பொய் அலாரம் நான்கு முறை அடித்தால் ஐந்தாவது முறை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

பெரம்பூர் பழையவர் · திங்கள், காலை 10.30

உங்கள் மாமனார் பக்கம் நான். ரயில்வேயில் இருந்தவன். ஒரு காலத்தில் வண்டி நிலையத்தில் நின்றதும் ஒருவர் நீண்ட கைப்பிடிச் சுத்தியலோடு இறங்கி ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணி போல ஒலிக்கும், விரிசல் விட்டது பானை போலச் சத்தம் கொடுக்கும். அச்சுப் பெட்டி சூடாகிவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்போம், எண்ணெய் கருகும் வாசனை வந்தால் பெட்டியைக் கழற்றி விடுவோம்.

இப்போது தண்டவாளத்திலேயே சென்சார் பதித்துவிட்டார்கள். ஓடுகிற வண்டியின் சக்கரம் எவ்வளவு வலுவாக மோதுகிறது என்று அளந்து, தட்டையான சக்கரம் எந்தப் பெட்டியில் எந்த அச்சில் என்று சொல்லிவிடும். அகச்சிவப்புக் கருவி அச்சுப் பெட்டியின் சூட்டைத் தொடாமலே பார்க்கும். 1955-இல் நேரு திறந்துவைத்த நம் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.-இலிருந்து 2018-இல் முதல் வந்தே பாரத் வெளியே வந்தபோது போய்ப் பார்த்தேன். பேரன் வேகத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுத்தியல்காரரின் வேலை போனது உண்மை. ஆனால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் சக்கரத்தை எந்தச் சுத்தியலாலும் தட்ட முடியாது. அதையும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பக்கம் பேச வந்தேன் என்று எனக்கே இப்போது குழப்பம்.

ட்ரெய்லர் மகன் · திங்கள், மாலை 6.20

எல்லோரும் நல்ல கதை சொல்கிறீர்கள். நான் இன்னொன்று சொல்கிறேன். அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுநர், மாதவரத்திலிருந்து துறைமுகத்துக்கு. அவர் வேலை பார்த்த நிறுவனம் எல்லா லாரியின் டீசல் தொட்டியிலும் மட்டம் அளக்கும் தண்டு ஒன்றை இறக்கியது. ஒரு மாதம் கழித்து அப்பாவைக் கூப்பிட்டு, "திருவொற்றியூரில் நின்ற இடத்தில் 18 லிட்டர் குறைந்திருக்கிறது, திருடிவிட்டாய்" என்றார்கள். சம்பளத்தில் பிடித்தார்கள்.

அவர் வண்டியைச் சாய்வான ஓரத்தில் இரண்டு சக்கரம் ஏற்றி நிறுத்தியிருந்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், சமதளம் பார்த்து யாரும் நிறுத்த முடியாது. தொட்டி சாய்ந்தால் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கும், தண்டு குறைவாகக் காட்டும். வண்டி மறுபடி நேரானதும் அதே 18 லிட்டர் திரும்பி வந்திருக்கும். வரைபடத்தின் அடுத்த அரைமணி நேரத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. குறைந்ததற்கு மட்டும்தான் அலாரம் வைத்திருந்தார்கள், கூடியதற்கு வைக்கவில்லை.

எண் பொய் சொல்லாது என்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

சரக்குப்பெட்டி · திங்கள், இரவு 8.10

வருத்தமான விஷயம்தான். ஆனால் டீசல் திருட்டே நடக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டாம். எட்டு வண்டி வைத்திருப்பவன் நான். தண்டு வைத்த பிறகு டீசல் செலவு குறைந்தது கண்கூடு. மேலும், உறைந்த இறால் ஏற்றும் குளிர்பெட்டிகளில் மைனஸ் 18 டிகிரி பதிவு இல்லாவிட்டால் வெளிநாட்டில் வாங்குபவர் சரக்கையே ஏற்க மாட்டார். பதிவுதான் எனக்குச் சாட்சி. நாட்டின் ஏற்றுமதி, இறக்குமதிக் கன்டெய்னர்களில் ரேடியோ அலையில் அடையாளம் சொல்லும் ஆர்.எஃப்.ஐ.டி. பட்டை ஒட்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. முன்பு துறைமுக வாசலில் ஆள் அனுப்பித் தேட வேண்டியிருந்தது.

ட்ரெய்லர் மகன் · திங்கள், இரவு 8.25

உங்களுக்குச் சாட்சி வேண்டும்போது பதிவு. ஓட்டுநருக்குச் சாட்சி வேண்டும்போது அதே பதிவை அவர் கேட்டால் கொடுப்பீர்களா?

சரக்குப்பெட்டி · திங்கள், இரவு 8.50

கொடுத்ததில்லை. இதுவரை யாரும் கேட்டதுமில்லை. நியாயமான கேள்விதான், யோசிக்கிறேன்.

மட்டுறுத்துநர் · திங்கள், இரவு 9.00

இதற்கு நடுவே வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஓட்டுநர்களைப் பொதுவாகத் திருடர் என்று எழுதுவதை இங்கே அனுமதிக்க முடியாது. தலைப்புக்குத் திரும்புங்கள்.

எண்ணூர்த் துகள் · செவ்வாய், காலை 6.45

கல்லூரி மாணவன், எங்கள் வீடு எண்ணூரில். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈ.எஸ்.பி. 32 என்ற சிறு கணினிப் பலகையையும் லேசர் துகள் சென்சார் ஒன்றையும் இணைத்து மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். பி.எம். 2.5 என்ற நுண்துகளின் அளவு தினமும் விடியற்காலை நான்கிலிருந்து ஆறு வரை எகிறும். முதல் வாரம் ஏதோ பெரிய உண்மையைப் பிடித்துவிட்டதாக நினைத்தேன். ஆலைகள் இரவோடு இரவாகப் புகையை விடுகின்றன என்று நண்பர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு பேராசிரியர் ஈரப்பதத்தையும் சேர்த்து வரையச் சொன்னார். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. இந்த சென்சார் துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துக் கணக்கிடுகிறது. கடலோரத்தில் விடியற்காலை ஈரம் அதிகம், துகள்கள் நீர் குடித்து ஊதிக்கொள்ளும், அது தூசி கூடியதாக எண்ணிக்கொள்ளும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பெரிய நிலையங்களில் காற்றைச் சூடாக்கி ஈரத்தை நீக்கிவிட்டுத்தான் அளப்பார்கள். மணலியிலும் கொடுங்கையூரிலும் ராயபுரத்திலும் அந்த நிலையங்கள் இருக்கின்றன.

இப்போது என் பெட்டியை மணலி நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தக் கணக்குப் போடுகிறேன். திருத்திய பிறகும் சில இரவுகள் உயர்ந்தே இருக்கின்றன. அவை ஈரம் அல்ல. நாளொன்றுக்கான நம் நாட்டு வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15.

வியாசை வழக்கு · செவ்வாய், பிற்பகல் 1.30

மாணவரின் நேர்மை பிடித்திருக்கிறது. ஆனால் "அது ஈரம்தான்" என்ற பதிலை ஆலைக்காரர்கள் வாயிலிருந்து எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கடும் மாசு ஏற்படுத்தும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலும் கழிவுநீர்க் குழாயிலும் இணையத்தோடு இணைந்த சென்சார் வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. தமிழ்நாட்டு வாரியம் கிண்டியில் கண்காணிப்பு மையமே வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்கு முன்னால் எண்ணூரில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களை எழுப்பியது எந்த சென்சார்? அவர்கள் மூக்கும் தொண்டையும்தான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழிவுநீர்த் தொழிலாளர்களின் வழக்குகளைப் பார்ப்பவள் நான். ஒரு ஒப்பந்ததாரர் தன் ஆட்களுக்கு நால்வகை வாயு அளக்கும் கருவி வாங்கிக் கொடுத்திருந்தார். ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன், எரியும் வாயு நான்கையும் அது பார்க்கும். நல்ல கருவி. சாக்கடை மூடியைத் திறந்தவுடனே கத்துகிறது, வேலை நடக்கவில்லை என்று மேற்பார்வையாளர் ஒலித்துளையில் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டார். அது வழக்கு ஆவணத்தில் பொருளாக வந்தபோது அந்த நாடாவை நான் கையால் தொட்டுப் பார்த்தேன்.

ஹைட்ரஜன் சல்ஃபைடின் கொடுமை தெரியுமா? கொஞ்சம் இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை நெருங்கினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவன் இறங்கினால் திரும்ப மாட்டான். இங்கே மூக்கை நம்ப முடியாது, கருவி வேண்டும். ஆனால் கருவி இருக்கிறது என்று சொல்லி மனிதரை இறக்குவதற்கு அதைச் சாக்காக்கக் கூடாது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் அதைத் தடுக்கத்தான் வந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கழிவுநீர்க் குழியில் இறப்பவர்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கேரளத்தில் செய்த பேண்டிகூட் இயந்திரத்தில் கேமராவும் வாயு சென்சாரும் சேர்ந்து குழிக்குள் இறங்குகின்றன, ஆள் மேலே நிற்கிறார். சென்சாரை வைக்க வேண்டிய இடம் அது.

மணலி மீட்டர் · செவ்வாய், இரவு 10.05

அம்மா சொல்வதை மறுக்க மாட்டேன். நாங்கள் புகைபோக்கியையும் தொட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தோம், வேலிக்கு வெளியே என்ன போகிறது என்பது எங்கள் திரையில் வராது. திரையில் இல்லாததை யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு நுணுக்கம் மட்டும். ஊர்க் காற்றில் அம்மோனியா 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. பி.பி.எம். கணக்கில் அது அரைக்குச் சற்று மேல். ஐஸ் கம்பெனிக்கு விற்கும் கசிவு சென்சார் பெரும்பாலும் 0 முதல் 100 வரை, சில 1000 வரை. அரை பி.பி.எம். அதன் கண்ணுக்கே தெரியாது. தொழிலாளி எட்டு மணி நேரம் இருக்கக்கூடிய வரம்பாக 25-ஐச் சொல்வார்கள், 300 என்றால் உயிருக்கு ஆபத்து. ஆகவே ஆலைக்குள் வைத்த கருவி "எல்லாம் சரி" என்று சொன்னால் அது ஆலைக்குள் நிற்பவருக்கான சரி. வேலிக்கு வெளியே தூங்கும் குழந்தைக்கான சரி வேறு, அதற்குக் கருவியும் வேறு. இரண்டையும் ஒன்றாகக் காட்டுபவர்களை நம்பாதீர்கள்.

அந்த ஒட்டுநாடா விஷயம் எனக்கும் புதிதல்ல. வேறு இடத்தில், வேறு நாடா. அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

வலைவீச்சு · புதன், காலை 11.00

நேற்று மாலைதான் கரைக்கு வந்தேன், அதனால் தாமதம். எங்கள் விசைப்படகில் செயற்கைக்கோளோடு பேசும் டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது. 2023-இல் ஒன்றிய அரசு ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் அனுமதித்த திட்டம் இது. கைப்பேசி எட்டாத தூரத்திலும் புயல் எச்சரிக்கை வரும், ஆபத்து என்றால் நாமும் பொத்தானை அழுத்தலாம். எங்கே மீன் இருக்கும் என்று ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தினமும் சொல்கிறது. கடல் மேற்பரப்பின் சூட்டையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்துச் சொல்வார்கள். சில நாள் பலிக்கும். சில நாள் நாங்கள் போய்ச் சேரும்போது மீனுக்கும் அந்தச் செய்தி போயிருக்கும்.

ஒரு குற்ற ஒப்புதல். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.ஓ.டி.காரர்கள் வங்கக் கடலில் மிதவைகள் போட்டிருக்கிறார்கள், அலை, காற்று, சூடு எல்லாம் அளக்கும். மிதவையின் நிழலில் மீன் கூடும். எங்களில் சிலர் அதில் கயிறு கட்டி மீன் பிடித்தோம். கருவி சேதமாகியிருக்கிறது. அதிகாரிகள் குப்பம் குப்பமாக வந்து, "அந்தப் பெட்டிதான் உங்களுக்குப் புயலைச் சொல்கிறது" என்று விளக்கிய பிறகுதான் எனக்கே புரிந்தது.

மருமகன் தம்பி, உங்கள் மாமனாரை எனக்குத் தெரியுமென்று நினைக்கிறேன். அவர் ஐஸ் சீக்கிரம் உருகாது. சென்சார் வைத்து விலையை ஏற்றிவிடாதீர்கள்.

நள்ளிரவு நிரல் · புதன், இரவு 11.50

மென்பொருள் பக்கம் யாரும் பேசவில்லை. இந்தச் சாதனங்கள் பெரும்பாலும் எம்.க்யூ.டி.டி. என்ற முறையில் பேசுகின்றன. 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. அதில் எனக்கு மிகப் பிடித்த அம்சத்தின் பெயர் உயில். சாதனம் இணைப்பைத் தொடங்கும்போதே சர்வரிடம் ஒரு செய்தியைக் கொடுத்து வைக்கும்: "நான் சொல்லாமல் போய்விட்டால் இதை எல்லோருக்கும் அறிவித்துவிடு." மின்சாரம் போய்ச் சாதனம் செத்தால் சர்வர் அந்த உயிலைப் படிக்கும். மணலி மீட்டர் ஐயாவின் 4 மில்லி ஆம்பியரும் இதுவும் ஒரே புத்திதான். பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை, விற்பவரிடம் கேளுங்கள்.

அடுத்தது கடவுச்சொல். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது. கழிவுநீர் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். 2000-இல் ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில், வேலை கிடைக்காத கோபத்தில் ஒருவர் ரேடியோ வழியாகக் கழிவுநீர் நிலையங்களின் கட்டுப்பாட்டில் புகுந்து, பல லட்சம் லிட்டர் சாக்கடையைப் பூங்காவிலும் ஓடையிலும் திறந்துவிட்டார். ஐஸ் கம்பெனியில் அளப்பதை மட்டும் இணையத்தில் விடுங்கள். கம்ப்ரஸரை நிறுத்துவதும் ஓட்டுவதும் கையிலேயே இருக்கட்டும்.

ஐஸ்கம்பெனி மருமகன் · ஏழு வாரங்கள் கழித்து, சனி, இரவு 8.30

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வேண்டாம் என்று ஐந்தோடு நிறுத்தினோம். உப்புத்தண்ணீருக்குள் கேன்களுக்கு நடுவே வெப்ப முனை ஒன்று. கம்ப்ரஸர்களின் ஆயில் பிரஷருக்கு இரண்டு. வெளியேறும் அழுத்தத்துக்கு ஒன்று. கூரைக்கு அருகில் அம்மோனியா சென்சார், அதற்கு இணையத்தை நம்பாத சைரன் அங்கேயே. வந்தவர் காட்டிய முனையில் பித்தளை இருந்தது, திருப்பி அனுப்பினோம். அவர் முகம் மாறியது. உயில் பற்றிக் கேட்டதும் இன்னும் மாறியது. கடைசியில் வேறு ஒருவரிடம் வாங்கினோம். பலகைக்கு உப்புக்காற்று தாக்காத பூச்சும், தண்ணீர் புகாத பெட்டியும் கேட்டு வாங்கினோம். சுவரில் அட்டை எழுதி மாட்டியிருக்கிறது: முதல் அழைப்பு எனக்கு, பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் மச்சானுக்கு.

முதல் வாரம் இரவு 2.50-க்கு "சாதனம் பேசவில்லை" என்று தகவல். பதறி ஓடினேன். மின்தடை. மாமனார் எனக்கு முன்னால் கீழே வந்து டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தார். "பெட்டி எழுந்துவிட்டதா?" என்றார். அந்த வாரம் முழுக்க மீன் மார்க்கெட்டில் இதுதான் பேச்சு.

நான்காவது வாரம் வேறு கதை. இரண்டாவது கம்ப்ரஸரின் ஆயில் பிரஷர் ஐந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை, எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். கம்ப்ரஸரை நிறுத்தி ஃபில்டரைத் திறந்தால் உலோகத் துகளும் அழுக்கும் அடைத்திருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், "அந்த எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

சீர்குளிர் · சனி, இரவு 9.15

மகிழ்ச்சி அண்ணா. அட்டையில் உள்ள எண்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். எங்கள் கிடங்கில் மாற்றலாகிப் போன ஒருவருக்கு ஒன்பது மாதம் அலாரம் போய்க்கொண்டிருந்தது. நல்ல மனிதர், அழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணலி மீட்டர் · சனி, இரவு 10.40

அம்மோனியா சென்சாரைச் சோதிக்கிறீர்களா? வாயு சென்சார்களில் பலவற்றுக்கு ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுதான். செத்த பிறகும் பச்சை விளக்கு எரியும் வகையும் உண்டு.

ஐஸ்கம்பெனி மருமகன் · ஞாயிறு, காலை 7.20

சோதிக்கிறோம் ஐயா. அமாவாசை தோறும் கம்பெனி வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைப்பது வழக்கம். அது முடிந்ததும் மாமனார் அம்மோனியாக் கரைசலில் நனைத்த பஞ்சை நீளக் கம்பில் செருகி, கூரையில் சென்சாருக்கு அருகே காட்டுவார். சைரன் அடித்ததும்தான் கற்பூரத்தை அணைக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே ஆரம்பித்தது.

மணலி மீட்டர் · ஞாயிறு, காலை 8.00

அது அலாரம் அடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை. எண் சரியா என்று பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை அளவு தெரிந்த வாயு சிலிண்டரோடு ஆள் வர வேண்டும், அதையும் செய்யுங்கள். மற்றபடி ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று அமாவாசை வரும், போதும். பஞ்சைத் தொடும் கைக்கு ரப்பர் உறை போடச் சொல்லுங்கள். கற்பூரத்தை முதலில் அணைத்துவிட்டு, பிறகு பஞ்சை எடுக்கச் சொல்லுங்கள்.